அரண்மனைக்குள் ஒருவழிப் பாதை

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாகத் தலைநகரிலிருந்து அரண்மனை ஊருக்கு ரயில் ஓட்டுகிறார். ஆனால் அரண்மனையைப் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்த பன்னிரண்டாவது நிமிடம் வண்டியைத் திரும்பக் கிளப்ப வேண்டும். வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, ஒரு டீ குடித்தால் நேரம் சரி. "எத்தனை லட்சம் பேரை இறக்கிவிட்டிருப்பேன்! நான்தான் இன்னும் இறங்கலை" என்பார்.

இன்று இறங்கினார், என்னோடு, பயணியாக. ஆசையில் இல்லை, பயத்தில்.

போன மாதம் அவருக்குக் கண் பரிசோதனை. ஓட்டுநர்களுக்கு அந்த எழுத்து அட்டை தலைகீழ்ப் பாடம். நடுத்தூக்கத்தில் எழுப்பினாலும் கடைசி வரி வரை ஒப்பிப்பார்கள். இவரும் பழக்கதோஷத்தில் கடகடவென்று ஒப்பித்தார். டாக்டர் அன்றைக்குத்தான் புது அட்டை மாட்டியிருந்தார். இவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட அதில் இல்லை. டாக்டர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முழுசாகப் பார்க்க வேண்டும், அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இத்தனை வருஷமா அட்டையைப் பாக்கவே இல்லையே நான். பார்வை இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலை" என்று அன்றிலிருந்து புலம்பல். சர்க்கரை வேறு இருக்கிறது மனுஷனுக்கு. கண் சரியில்லை என்றால் ரயில் போச்சு, மிச்ச வருஷங்களுக்கு அலுவலகத்தில் காகிதம் அடுக்க வேண்டியதுதான். இன்று போனில் முடிவு சொல்வார்கள். கேட்கத் தைரியமில்லாமல் என் நம்பரைக் கொடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கெட்ட சேதியெல்லாம் என் இலாகா.

வீட்டில் இருந்தால் சுவரை முறைத்துக்கொண்டிருப்பார் என்று நான்தான் இழுத்துவந்தேன். அரண்மனை வாசலிலேயே கைப்பை, போன் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி போன் வருமே என்று எனக்குப் பூட்டவே மனசில்லை. அவருக்கோ முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு!"

உள்ளே ஒருவழிப் பாதை, பின்னால் திரும்பக் கூடாது. ஊரே அண்ணாந்து கூரை ஓவியத்தைப் பார்க்க, இவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தூரத்துச் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ராஜாவைப் பாருங்க."

"ராஜா கிடக்கட்டும். அங்க கடைசி வரி என்ன, நீ சொல்லு."

நாலாவது அறையில் எனக்குப் பொறுக்கவில்லை. "கால் வலிக்குது, நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த முப்பது அறைகளையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். கால் வலிக்காரி ஓடிய ஓட்டத்தைப் படத்திலிருந்த ராணிகள்தான் பார்த்தார்கள்.

வெளியே வந்து பெட்டியைத் திறந்தால் போனில் மூன்று அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். நர்ஸ் ஆற அமரக் காகிதம் புரட்டினாள், பாவி.

"கண்ணு நல்லா இருக்கும்மா. வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிட்டாரு. சர்க்கரையை மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க."

"இன்னொரு தடவை சொல்லு தாயி."

சொன்னாள். அப்பாடா! அங்கேயே படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நுழைவாயிலுக்கு ஓடினேன். காவல்காரப் பெண் மறித்தாள்.

"வெளிய வந்துட்டா திரும்ப விடமாட்டோம்."

"என் வீட்டுக்காரர் உள்ள பயந்துக்கிட்டு இருக்காரும்மா."

"அரண்மனைல பயப்பட என்ன இருக்கு?" என்றாள்.

வேறு வழியில்லாமல் வெளிமுற்றத்தின் இந்தக் கோடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். இப்படியொரு நல்ல சேதி கையில், சொல்ல ஆள் இல்லை. வாய் சும்மா இருக்குமா? முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் சொல்லியே விட்டேன். பாவம், அவரும் சந்தோஷப்பட்டார்.

கடைசியில் எதிர்க்கோடியில், வெளியே வரும் கதவில் ஓர் ஆள் தெரிந்தது. அவரா, வேறு யாரோவா என்று எனக்குப் புலப்படவில்லை. அந்த உருவம் சட்டென்று நின்றது. மெல்ல நடந்தது. அப்புறம் ஐம்பத்தைந்து வயதை மறந்து ஓடியே வந்தது.

மூச்சு வாங்க எதிரே நின்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார்.

"சொல்லாதே. தெரிஞ்சுபோச்சு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அந்தக் கதவுகிட்ட நிக்கும்போதே பாத்துட்டேன், நீ சிரிச்சுக்கிட்டு இருக்கிறதை" என்றார்.