முதல் ஆமென்

ஒத்தக்கடையில புதுசா முளைச்ச அந்தத் தெருவே அன்னைக்குக் காலையில காலி. அழகர் ஆத்துல இறங்குற நாள். ரோகிணியோட வீட்டுக்காரன் சிவபாண்டியும் விடியுமுன்னே கிளம்பிட்டான். அவன் சாமிய அவன் பாக்கப் போயாச்சு, தன் சாமியோட தனியா உக்கார இதவிட்டா வேற நேரம் ஏதுன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம். தல்லாகுளத்து ஆபீசுக்கும் லீவு. இன்னும் என்ன வேணும்?

ஆனா பாருங்க, அவ வேதம் வாசிக்கிறது போன்ல. போனுக்குள்ள வேதம் மட்டுமா இருக்கு? ஒரு வசனத்த முடிக்கிறதுக்குள்ள மேல இருந்து ஒரு மெசேஜ் வந்து குதிக்கும். சர்ச்சுப் பொம்பளைகளோட வாட்ஸ்அப் ஜெபக்குழுவுக்கு அவதான் அட்மின். யார் என்ன போட்டாலும் முதல் ஆமென் அவளோடதாத்தான் இருக்கணும். அதுல அவளுக்கு ஒரு பெருமை, சொன்னா கோவிச்சுக்குவா.

நாலு தெரு தள்ளியிருக்கிற முனீஸ்வரிகிட்டயிருந்து குழுவுல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. வழக்கம்போல ஒரு ஆமென், பக்கத்துல கும்பிடுற கை. போட்டாச்சு. அடுத்து யாரோ அனுப்புன காணிக்கைப் பாட்டு, அதுல இருந்து ஒரு சேலைக்கடை வீடியோ, அதுல இருந்து இன்னொண்ணு. கண்ணத் தூக்கிப் பாத்தா வெயில் ஹாலுக்குள்ள வந்திருச்சு. வாசிச்ச வசனம் ஒண்ணே ஒண்ணு.

"ச்சீ, நானெல்லாம் ஒரு விசுவாசி!"

அம்புட்டுக் கோவம் தன்மேலயே. போன வைப்ரேட்ல போட்டு, அரிசி டிரம்முக்குள்ள தூக்கிப் போட்டு, மூடிய அழுத்தி மூடினா. வந்து முழங்கால்ல நின்னா.

அப்பதான் டிரம்மு உறுமுச்சு. ர்ர்ர்ன்னு ஒரு இழுவை. நின்னுச்சு. திரும்பவும் உறுமுச்சு. சாத்தான்தான் கூப்பிடுறான்னு பல்லக் கடிச்சுக்கிட்டு கண்ண இறுக்கி மூடினா. மூணாவது தடவையும் அசையல. தான் ஜெயிச்சிட்டோம்னு ஒரு நெனப்பு வேற.

ஒவ்வொருத்தரா பேர் சொல்லி ஜெபிக்க ஆரம்பிச்சா. பாஸ்டரம்மாவோட முழங்கால் வலி. பாண்டீஸ்வரி மகளோட கல்யாணம்.

"ஆண்டவரே, முனீஸ்வரிக்கு..."

முனீஸ்வரிக்கு என்ன?

அவ என்ன கேட்டான்னே தெரியலையே! மெசேஜக் கேக்காமலே ஆமென் போட்டிருக்கோமே! எந்திரிச்சு ஓடி, டிரம்முக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டுத் துழாவினா. போன் வந்துச்சு, அரிசியும் கூட வந்து தரையெல்லாம் சிதறுச்சு.

"அக்கா, பாப்பாவுக்கு மூச்சு இழுக்குதுக்கா. அவரு கொட்டாம்பட்டிக்குப் போயிட்டாரு. ஆட்டோ ஒண்ணும் இல்ல, தெருவுல ஒரு ஆள் இல்ல. ஆம்புலன்ஸ் திருவிழாக் கூட்டத்துல நிக்குதாம். யாராச்சும் வண்டிய எடுத்துட்டு வாங்கக்கா."

அதுக்குக் கீழ அவளோட ஆமென். அதப் பாத்து இன்னொருத்தி. அதப் பாத்து இன்னொருத்தி. விரல வச்சுத் தள்ளத் தள்ள ஆமென்தான். அதுபோக முனீஸ்வரியோட மிஸ்டு கால்.

திருப்பிக் கூப்பிட்டா. எடுக்கல.

கதவப் பூட்டுனாளா இல்லையான்னுகூட அவளுக்குத் தெரியாது. ஸ்கூட்டி மெயின் ரோட்டுல ஏறுனா, நீர்மோர்ப் பந்தல் போட்டு ரோட்ட மறிச்சு நிக்கிறாங்க. ஒருத்தன் டம்ளர நீட்டி, "குடிச்சிட்டுப் போங்கக்கா"ன்னு வண்டிக்கு முன்னாடியே வந்துட்டான்.

"வழிய விடுப்பா! பிள்ளைக்கு முடியல!"

அவ போட்ட சத்தத்துல மோரு அவன் சட்டை மேலயே கொட்டிருச்சு. கூட்டம் பதறி விலகுச்சு.

முனீஸ்வரி தெரு முக்குலயே நின்னா. தோள்ல பாப்பா, உதடு வெளிறிக் கெடந்துச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ள போய் உள்ள போய் வந்துச்சு. பின்னாடி ஏறினா.

பக்கத்து ஆஸ்பத்திரியில மாஸ்க்க மாட்டி மருந்துப் புகை வச்சாங்க. டாக்டர் பாப்பா நெஞ்சுல இருந்து ஸ்டெதாஸ்கோப்ப எடுக்காமலே, "இம்புட்டு நேரம் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டாரு. முனீஸ்வரி தலைகுனிஞ்சா.

மெல்ல மெல்ல இழுப்பு தணிஞ்சுச்சு. பாப்பா உதட்டுல நெறம் ஏறுன பிறகுதான் முனீஸ்வரி வாயத் திறந்தா.

"முதல் ஆமென் ஒங்களுதுதான்க்கா. அதப் பாத்ததும், அக்கா வாராகன்னு வாசல்ல வந்து நின்னுட்டேன். வேற யாரையும் கூப்பிடல. ரொம்ப நேரமாச்சேன்னுதான் ஒங்களுக்குப் போன் அடிச்சேன். ஜெபத்துல இருந்தீகளா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்ல. வாய் வரைக்கும் வந்துச்சு.

"இல்ல முனீசு. நீ பேசுனத நான் கேக்கவே இல்ல. கேக்காமலேதான் போட்டேன்."

முனீஸ்வரி அவளையே பாத்தா. அந்தப் பார்வைய ரோகிணியால தாங்க முடியல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அந்நேரம் நர்சு வந்து மருந்துச் சீட்ட நீட்டினா. முனீஸ்வரி எந்திரிச்சா, கொஞ்சம் தயங்கினா, அப்புறம் பாப்பாவத் தூக்கி ரோகிணி மடியில வச்சா.

"பாத்துக்கங்க. வாங்கிட்டு வாரேன்."

பையில போன் ர்ர்ர்ன்னுச்சு. ரோகிணி தொடல. பாப்பாவோட நெஞ்சு மேல காத வச்சுக்கிட்டா. உள்ள ஒரு மூச்சு போறது கேட்டுச்சு, வெளிய வர்றது கேட்டுச்சு. கண்ணுல தண்ணி முட்ட, "ஆமென்"னா. அடுத்த மூச்சு வரைக்கும் காத்திருந்து, அதையும் கேட்டுட்டு, திரும்பச் சொன்னா.