கருப்பராயன் உத்தரவு

வெள்ளை பனியன் பீஸ் வந்தால் சின்னாத்தாள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பாள். ஃபேன் போடமாட்டாள். வேர்த்து ஊற்றினாலும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தையல் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தள்ளுவாள். அப்படியெல்லாம் பார்த்துச் செய்தும் போன வாரம் பனியன் கம்பெனி வேன்காரர் இரண்டு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். மடித்த பனியன் ஒன்றை எடுத்து அவள் கண்ணெதிரே உதறிக் காட்டினார். கல்தூசி மாவாகப் பறந்தது. “இனி உங்களுக்கு டார்க் கலர் மட்டுந்தானுங்கக்கா. என்னையக் கோவிச்சுக்காதீங்க,” என்றார். கோவித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. டார்க் கலர் எப்போதாவது வரும், வருசமெல்லாம் ஓடுவது வெள்ளைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுவீட்டில் கிடந்தது நேவி ப்ளூ மூட்டை. எதிரே முத்துப்பேச்சி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், சின்னாத்தாள் வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறாள். வாடகைக்கு வந்தவளாக இருந்தாலும் வாய் வாடகை வாய் இல்லை.

“என்னக்கா இது கூத்தா இருக்கு? வீடு உங்களது, கையெழுத்து உங்களது. போடணுமா வேண்டாமான்னு ஆட்டைக் கேக்கப் போறாகளாம். நீங்களும் சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்கீக.”

“ஆட்டை ஆரு கேட்டா? சாமியைக் கேக்கறோம்,” என்றாள் சின்னாத்தாள்.

“சாமி வேண்டாம்னு சொல்லிரும்னு உங்களுக்கு அம்புட்டு நம்பிக்கையாக்கும்.”

சின்னாத்தாள் அடுத்த பீஸை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நம்பிக்கைதான். அதைத் தவிர அவளிடம் வேறென்ன இருந்தது?

பொங்கலூருக்குத் தெற்கே, மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அது. சின்னாத்தாள் கல்யாணமான புதிதில் அங்கே சோளமும் மொச்சையும் விளைந்த காடுகள் இருந்தன. பிறகு கல்குவாரிக் கம்பெனி வந்தது. மேற்கே ஒரு குழி, அதையொட்டி இன்னொரு குழி, பாறையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர், ஓயாமல் ஓடும் லாரிகள். சின்னாத்தாளின் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, அதற்குப் பின்னால் பாறைக்காடு, பாறைக்காட்டைத் தாண்டினால் குழி. இப்போது கம்பெனிக்கு அந்தப் பாறைக்காடும் வேண்டும். சும்மா கேட்கவில்லை, ஊரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டிக் குழாய் இழுத்துத் தருவார்கள், ஊருக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் நிற்கும், குண்டும் குழியுமான ரோடு தார் ரோடாகும், கருப்பராயன் கோயிலுக்கு மண்டபம் எழும்பும். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனை. பாறைக்காட்டை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். சின்னாத்தாள் மட்டும் பாக்கி.

அவள் எப்படிப் போடுவாள்? டவுனில் பனியன் கம்பெனிக்குப் போய் நின்றுகொண்டே செக்கிங் பார்த்துக் கால் வீங்கிப்போனது அந்த வீட்டுக்காகத்தான். புருசன் போன பிறகு தனியாளாக நின்று மேல்கூரை போட்டாள். குழி தூரத்தில் இருக்கும்போதே சமையலறைச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விழுந்திருக்கிறது. கொட்டகைக்குப் பின்னாலேயே வெடி வைத்தால் வீடு நிற்குமா? நிற்காது என்பது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இடிந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஊரைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. போர்வெல் தண்ணீர் அடியோடு இறங்கிவிட்டது. லாரித் தண்ணீருக்குக் குடம் போட்டுக் காத்துக் கிடக்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. முன்னாள் பிரசிடெண்ட் ரத்தினசாமியின் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆம்புலன்ஸ் அந்த ரோட்டில் தடுமாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவருக்கு இந்த ஒப்பந்தம் எவ்வளவு வேண்டும் என்பது அவளுக்குப் புரியாமலில்லை. தண்ணீர் லாரிக்கு முன்னால் கொஞ்ச நாளாக யாரும் அவளோடு பேசுவதில்லை. அவளுடைய குடத்தை யாரும் நகர்த்தி வைப்பதுமில்லை, தொடுவதுமில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் ஊர்க்கூட்டத்தில் ரத்தினசாமிதான் சொன்னார். “உன்னையக் கட்டாயப்படுத்த நாங்க ஆரு அம்மிணி? கருப்பராயனைக் கேட்டுப்போடலாம். மஞ்சத் தண்ணி ஊத்துனதும் கெடா ஒடம்ப உதறித் துலுக்குச்சுன்னா நீ கையெழுத்துப் போடு. துலுக்கலீன்னா இந்தப் பேச்சையே விட்டர்றோம்.”

அவள் உடனே சரியென்றாள். எல்லாருக்கும் ஆச்சரியம். அவள் மனசில் பழைய சம்பவம் ஒன்று இருந்தது. கோயிலை ஒட்டி நிற்கும் புளியமரத்தை வெட்டி விற்கலாம் என்று குவாரி வருவதற்கு முன்பு ஒருமுறை ஊர் முடிவு பண்ணியபோதும் கெடா நிறுத்திக் கேட்டார்கள். பொழுது சாயும்வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றியும் கெடா அசையவேயில்லை. மரம் இன்றைக்கும் நிற்கிறது. ஒரு மரத்துக்கே சம்மதிக்காத கருப்பராயன் ஒரு வீட்டுக்கா சம்மதிக்கப் போகிறான்?

வாசலில் பைக் சத்தம் கேட்டது. ரத்தினசாமியே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உள்ளே வராமல் நின்றபடியே கூப்பிட்டார்.

“கெடா வந்துருச்சு அம்மிணி. தாராபுரத்துச் சந்தைல புடிச்சது. வர்றியா?”

“வர்றனுங்ணா.”

கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். முத்துப்பேச்சியும் பின்னாலேயே கிளம்பினாள்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. கறுப்புக் கெடா, நெற்றியில் மட்டும் வெள்ளை. கழுத்தில் வேப்பிலை மாலை போட்டுக் கருப்பராயனுக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். ஓரமாகக் கம்பெனி மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டு, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சின்ன வயசு, மரியாதையான ஆள். அவளைப் பார்த்ததும் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

பூசாரி சென்னியப்பன் கற்பூரம் காட்டிவிட்டு, மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கெடாயின் தலையிலிருந்து முதுகு நீளத்துக்கும் ஊற்றினார். “கருப்பராயா, பாறைக்காட்டைக் கம்பெனிக்குக் குடுக்கறதுக்கு உனக்குச் சம்மதம்னா துலுக்கிக் குடு சாமி,” என்றார். உடம்பை ஒரு உதறு உதற வேண்டும், அதுதான் உத்தரவு. கெடா உதறவில்லை. கழுத்தைத் திருப்பித் தன் மாலையிலிருந்த வேப்பிலையைக் கடித்துத் தின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மறுபடி ஊற்றினார்கள், காதுக்குள் தெளித்தார்கள். வெயில் ஏறியது. கெடா நனைந்த உடம்போடு கல்லாக நின்றது. சாமிக்கு ஏதோ குறை என்று பேச்சு கிளம்பியது. தீட்டோடு யாராவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். சிலர் தாமாகவே விலகிப் போய் நின்றார்கள். தேங்காய் உடைத்துக் குற்றம் குறை பொறுக்கச் சொல்லி வேண்டினார்கள். கெடா அசையவில்லை.  சின்னாத்தாளுக்கு உள்ளுக்குள் சந்தோசம். அதை முகத்தில் காட்டாமலிருக்க அவள் பட்ட பாடு பெரும்பாடு.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “கையெழுத்துப் போடறவிய மனசுல வஞ்சகம் வெச்சிருந்தா, சாமி எப்படிங்க துலுக்கும்?”

கூட்டம் சின்னாத்தாளைத் திரும்பிப் பார்த்தது. ரத்தினசாமி தயங்கித் தயங்கி அவளருகே வந்தார். “ஒருக்கா உளுந்து கும்பிட்டரு அம்மிணி. சாமி என்ன சொன்னாலும் ஏத்துக்கறேன்னு மனசார வேண்டிக்க.”

சின்னாத்தாள் விழுந்தாள். ஈர மண் நெற்றியில் ஒட்டியது. நீ என்ன சொன்னாலும் ஏத்துக்கறேன் கருப்பராயா என்று உண்மையாகவே வேண்டினாள். அதில் பொய் ஒரு துளியும் இல்லை. இத்தனை நேரம் அவன் அவள் பக்கம்தானே நின்றான்.

அவள் எழுந்தபோது உச்சி வெயில். மேற்கே குவாரியில் வெடிக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. கெடா காதை விடைத்தது. மனிதர்கள் யாரும் கவனிக்கவில்லை, தினமும் ஊதுகிற சங்குதானே. சென்னியப்பன் சொம்பைக் கவிழ்த்தார். தண்ணீர் முதுகில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. காலுக்கடியில் தரை ஒருமுறை இடித்து அடங்கியது. கெடா துள்ளி, தலையிலிருந்து வால்வரைக்கும் படபடவென்று உதறியது.

“துலுக்கிருச்சு!”

குலவைச் சத்தம் எழுந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். சின்னாத்தாளோடு பேசாமலிருந்த அத்தனை பேரும் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “உங்களால ஊருக்கே நல்ல காலம் பொறந்திருச்சுங்கக்கா.” யாருக்கும் வெடிச்சத்தமே கேட்கவில்லையா? கேட்கவில்லைதான் போலிருக்கிறது. குவாரி வந்த புதிதில் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடும், கையிலிருக்கிற பாத்திரம் விழும், தொட்டில் பிள்ளை வீறிடும். இப்போது பிள்ளைகள்கூடத் தூக்கம் கலைவதில்லை. தாராபுரத்துக் கெடாய்க்குத்தான் அது புதுச் சத்தம்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவருக்குக் கேட்டிருந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஃபைலைத் திறந்து, அவள் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைத் தேடினார்.

“வெடிக்குத்தானுங்ணா அது துலுக்குச்சு,” என்றாள் ரத்தினசாமியிடம்.

அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “சாமி எந்த ரூபத்துல வேணாலும் பேசுவாரு அம்மிணி. நீ ஊர் முன்னால வாக்குக் குடுத்திருக்கற.”

அவர் சொன்னதும் நிஜம்தான். வாக்குக் கொடுத்தவள் அவள்.  மேனேஜர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பேனா வழவழவென்று புதிதாக இருந்தது. காலையில் மூடிவைத்துவிட்டு வந்த வீடு ஞாபகம் வந்தது, சமையலறைச் சுவர் ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் என்னமோ கொதித்துக்கொண்டு மேலே வந்தது. துக்கம் என்று நினைத்தாள். துக்கமில்லை, கோபம்.

குவாரியில் ஒரு வெடியோடு நிறுத்தும் வழக்கம் கிடையாது. ஒரு குழியில் வெடித்துக் கொஞ்சநேரத்தில் அடுத்த குழியிலும் வெடிக்கும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது.

பேனாவைத் திருப்பி மேனேஜர் கையிலேயே வைத்தாள். நேரே போய்ச் சென்னியப்பனுக்கு முன்னால் நின்றாள். “சொம்பைக் குடுங்க. நானும் ஒண்ணு கேட்டுக்கறேன்.”

“பொம்பளைங்க தண்ணி ஊத்தற வழக்கமில்லீங்க அம்மிணி.”

“கையெழுத்து மட்டும் பொம்பள போடலாமுங்களா?”

சென்னியப்பன் ரத்தினசாமியைப் பார்த்தார், கருப்பராயனைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓர் அடி விலகி நின்றார். அண்டாவிலிருந்து மொண்டுகொண்டு கெடாய்க்குப் பக்கத்தில் போனாள். அதன் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்க கருப்பராயா என்று முதலில் மனசுக்குள் சொன்னாள். அப்புறம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

“பாறைக்காட்டுல கைவெக்கறது உனக்கு வேண்டாமின்னா, என்ற ஊடு நிக்கோணுமின்னா, துலுக்கிக் குடு சாமி.”

ரத்தினசாமிக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப் போனது. “அம்மிணி, வேண்டாம். சாமியோட வெளையாடாத.”

“நான் வெளையாடுலீங்ணா. நீங்க கேட்ட மாதிரியேதான கேக்கறேன்.”

தண்ணீரை உடனே ஊற்றவில்லை. சொம்பைக் கெடாயின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் ஒருவருக்குப் பின் ஒருவராக விசயம் புரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. “யக்கா,” என்று முத்துப்பேச்சி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தலைகள் மேற்கே திரும்பின. பேச்சு ஓய்ந்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அந்த ஊர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

சங்கு ஊதியது. சின்னாத்தாள் சொம்பைச் சாய்த்தாள்.

வெடித்தபோது எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ரத்தினசாமிக்கு, சென்னியப்பனுக்கு, குலவை போட்ட பெண்களுக்கு, மேனேஜருக்கு, யாரும் பாக்கியில்லை. கெடா துள்ளி உதறியது. மஞ்சள் தண்ணீர் நாலா பக்கமும் தெறித்து வெள்ளை வேட்டியிலும், திறந்திருந்த ஃபைலிலும், பக்கத்தில் நின்றவர்கள் முகத்திலும் விழுந்தது. ஒருவரும் துடைத்துக்கொள்ளவில்லை, குலவையும் கேட்கவில்லை. மேற்கிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பிக் கோயிலுக்கு மேலே வந்து, நனைந்து நின்ற கெடாயின் கறுப்பு முதுகில் மெல்ல இறங்கத் தொடங்கியது.