அட்டைக்கு ஆம்பள பொம்பள தெரியாது

புருசன் பேர வாயால சொல்லக் கூடாதும்பாங்க. நான் சொல்றேன், சோலைமலை. அந்த ஆளோட பழைய காக்கிக் கால்சட்டையத்தான் நான் போட்டேன். மூலையில சும்மா கெடந்ததத்தான் எடுத்தேன், களவாங்கல.

சிலோன் சர்க்காரு நம்ம ஓட்டுரிமையப் புடுங்கிக்கிட்டதுக்கு மறு வருசம், எங்க டயகமைத் தேயிலைத் தோட்டத்துல விடாத மழை. கொழுந்து மலை பூரா ரத்தம் குடிக்கிற அட்டை. ஆம்பளைங்களுக்குக் கால்சட்டை இருக்கு. எங்கள வேல வாங்குற கண்டாக்கையாவுக்கு பூட்ஸும் முட்டி வரைக்கும் மேஜோடும் இருக்கு. பொம்பளைங்க நாங்க மட்டும் சேலையத் தூக்கிச் செருகி, இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட செடிக்குள்ள எறங்கணும். கடிபட்டுக் கடிபட்டு என் வலது காலு சீழ் வச்சிருச்சு. இன்னும் கடி வாங்குனா கால எடுக்க வேண்டியதுதான்னு மருந்துக்காரரு கண்டிச்சு சொல்லிட்டாரு. சரின்னு வீட்டுல ஒக்காந்தா அன்னிக்கிப் பேரு விழாது, கூலி கெடையாது. பேரு விழாட்டி அடுப்புல என்னத்த வைக்கிறது?

அதனால சேலைக்குள்ள கால்சட்டைய மாட்டி, கணுக்கால்ல சணல் கயித்தால இறுக்கிக் கட்டிக்கிட்டு, விடியக்காலமே பேரு போடுற பெரட்டுக்குப் போயி நின்னேன். பக்கத்து நெரையில கொழுந்து எடுக்குற பேச்சியம்மாக்கா, தொரைச்சாணி வந்துட்டாங்க, வழி விடுங்கடின்னு கேலி பண்ணுச்சு. எல்லாரும் சிரிச்சோம். அப்பத்தான் கண்டாக்கையா என் காலப் பாத்தாரு.

எங்கிட்ட ஒரு வார்த்த பேசலைங்க அந்த மனுசன். நேரா ஆம்பளைங்க பக்கம் போயி, சோலைமலைகிட்ட, ஒம் பொண்டாட்டிய அதக் கழட்டச் சொல்லு, இல்லாட்டி இனி அவளுக்கு இந்தத் தோட்டத்துல பேரே கெடையாதுன்னாரு. பொம்பளைக்கு அடக்கம் வேணுமாம். நான் என்ன செவிடா? எப்பவும் இதே கததான். என் சம்பளத்தையும் என் புருசன் கையிலதான் குடுப்பாங்க, எனக்குச் சொல்ல வேண்டியதையும் அந்த ஆளு காதுலதான் போடுவாங்க. அட்டை மட்டும் நேரா எங்கிட்ட வந்துரும்.

சோலைமலை தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்து, கழட்டிப்புடு புள்ள, நமக்கெதுக்கு வம்புன்னு கெஞ்சுனாரு. மருந்துக்காரரு சொன்னப்ப இதே ஆளு பக்கத்துலதான் நின்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கூடைய எறக்கி வச்சுட்டு கண்டாக்கையா முன்னால போயி நின்னேன். கண்டாக்கையாவுக்கு மேல இருக்குற சின்னத்தொரையோட மோட்டார் சைக்கிள் சத்தம் கிட்டத்துல கேட்டுச்சு.

"சரிங்கையா, கழட்டுறேன். இங்கயே கழட்டுறேன். தொரை வந்து என்னான்னு கேட்டா, கண்டாக்கையாதான் அவுக்கச் சொன்னாருன்னு சொல்றேன்."

படங்குக் கயித்துல கைய வச்சேன். சத்தியமா அவுத்திருப்பேன், அம்புட்டு ஆத்திரம். மனுசனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. போ போ, மலைக்குப் போன்னு கைய ஆட்டுனாரு. நான் அசையல.

"மொதல்ல பேரப் போடுங்க."

போட்டாரு. தொரை வண்டிய நிப்பாட்டுறதுக்குள்ள நான் கூடையத் தூக்கிக்கிட்டு நெரையில ஏறிட்டேன்.

பொழுது சாஞ்சு லயத்து வீட்டுக்கு வந்தா, சோலைமலை மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வாசல்ல ஒக்காந்திருக்காரு. நான் அடுப்படியில கால நீட்டி, சணல அவுத்து, கால்சட்டைய மேல சுருட்டிப் பாத்தேன். பழைய புண்ணுதான். புதுசா ஒரு கடி இல்ல.

"ஊருக்கு முன்னால என் மானம் போச்சுடி."

"போனாப் போகட்டும்"ன்னேன். "இன்னிக்கி என் ரத்தம் போகல."