வரப்புக் காவல்

பொழுது விடியும் முன்பே தேவமலர் முழங்கால் தண்ணீரில் நின்று, வெண்டிப் பாத்தியில் தேங்கிய நீரை வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போனது. ஒரு செடியைத் தொட்டு இழுத்தாள். அழுகிய வேர் கையோடு வந்தது. சிம்பாங் அம்பாட் ஊருக்குப் பக்கத்தில், ஆற்றோரப் பள்ளத்தில் இந்தக் குத்தகை நிலம்தான் அவளுக்குச் சோறு போட்டது. இந்தப் போகமும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

பக்கத்து நிலத்தில் காந்தன் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். வரப்பு நேற்றைவிட உயர்ந்திருந்தது.

"ஒன் தண்ணிய என் பக்கம் தள்ளுறியா காந்தா?"

"நீங்கதான்க்கா மொண்டு மொண்டு இங்க ஊத்துறீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் லா."

அந்தப் பள்ளத்தில் எல்லாரும் இப்படித்தான். நகர்ந்தால் பக்கத்து ஆள் வரப்பை வெட்டிவிடுவான் என்று காவல் இருந்தார்கள். சோற்றைக்கூட வரப்பில் உட்கார்ந்துதான் தின்றார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

முதலாளி பாலகிருஷ்ணனின் கார் மேட்டில் வந்து நின்றது. தெங்கேராவில் இருக்கும் வீட்டிலிருந்து இவ்வளவு காலையில் அவர் வந்ததே இல்லை.

"என்னம்மா, இந்தத் தடவையும் போச்சா? கிளைமேட் மாறிப்போச்சு, நான் என்ன செய்ய? காந்தன் வேற வரப்ப ஏத்திட்டான் போல."

"மழ விட்டு நாளாச்சே முதலாளி. தண்ணி ஏன் வடியல?"

"ஆறு ரொம்பி ஓடுது. மதகத் தொறந்தா ஆத்துத் தண்ணி உள்ள வந்துரும். ஒங்க நல்லதுக்குத்தான் பூட்டி வச்சிருக்கேன்."

யாரும் கேட்காமலே அவர் காந்தனைப் பற்றிக் கோள் சொன்னது தேவமலரை உறுத்தியது. நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்போகிறார் என்ற பேச்சும் நினைவுக்கு வந்தது. கார் மறைந்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள். மதகில் புதுப் பூட்டு தொங்கியது. ஆறு அதற்கு வெகு கீழே, மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடி வந்தாள். "ஆறு வத்திக் கெடக்கு காந்தா! நீயே வந்து பாரு."

"நான் போனதும் வரப்ப வெட்டவா?"

அவள் தன் மண்வெட்டியை நீட்டினாள். "நீயே வெட்டு. யார் தண்ணி யார் பக்கம் ஓடுதுன்னு பாத்துரலாம்."

காந்தன் அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு ஓங்கி வெட்டினான். வரப்பு வாய் பிளந்தது. தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

காந்தன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மற்ற நிலங்களைப் பார்த்துக் கத்தினான்: "எல்லாரும் வாங்க! ஆத்த வந்து பாருங்க!"

ஒருவர் பின் ஒருவராகச் சந்தேகத்தோடுதான் வந்தார்கள். வற்றிய ஆற்றைப் பார்த்ததும் மதகுச் சுவரில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

காந்தனின் போன் அடித்தது. முதலாளிதான். அதற்குள் யாரோ அவருக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள்.

"யார் லா ஆளுங்கள அங்க கூட்டுனது? பேரச் சொல்லு, ஒனக்கு மட்டும் நெலத்த விட்டுத் தர்றேன்."

காந்தன் போனை எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க முதலாளி, எல்லாரும் கேக்குறாங்க. சாவியோட வாங்க. வர்ற வரைக்கும் இங்கதான் இருப்போம்."

வெயில் ஏறியது. பூட்டு இன்னும் திறக்கவில்லை. ஆனால் வரப்பைக் காவல் காக்க அன்று வயலில் ஒருவரும் இல்லை.