இருபத்திரண்டாம் நொடி

ஜெயக்குமார் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தது கதைக்காக இல்லை, ஒரே ஒரு காட்சிக்காக. உப்பளத்தில் வேலை முடிந்து ஆட்கள் வருவார்கள். சாயும் வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், காலடித் தூசி பொன்னாக மின்னும். கேமரா அசையாது. வெளிச்சம் எந்தப் பக்கம், காட்சி எத்தனை நொடி என்று நோட்டில் எழுதி வைத்தான். மறுநாள் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வெளியே வந்தவனுக்குத் திடுக்கென்றது. அதே வெயில், அதே பொன் தூசி. ஆறு வருஷமாக அதற்குள்தான் போய்வந்துகொண்டிருக்கிறான்.

ஸ்ரீரங்கத்தில் அவன் படிக்கும் மாலை நேர ஒளிப்பதிவு வகுப்பில் முப்பது நொடி ஷாட் ஒன்று கேட்டிருந்தார்கள். வெட்டாமல், ஒட்டாமல். தேறினால்தான் அடுத்த கட்டம், கையில் கேமரா. ஷிப்ட் விட்டு வரும் கூட்டத்தைத்தான் எடுக்க நினைத்தான். மூன்று நாளாக மேகம் மூடிக் கிடந்து, கடைசி நாளில்தான் வெயில் எட்டிப் பார்த்தது. ஆனால் அந்த வெயில் நேரத்தில் அவனே அந்தக் கூட்டத்துக்குள் அல்லவா இருப்பான்? லீவும் கிடைக்கவில்லை. மனைவி வேணியிடம் போனைக் கொடுத்தான்.

"ரோட்டோரப் புளியமரத்தடியில நில்லு. எது வந்தாலும் அசைக்காத."

"மாடு வந்தா?"

"வந்தாலும்."

"உங்கள யாராவது இடிச்சுத் தள்ளிட்டா?"

"வேணி, விளையாடாத."

சாயங்காலம் மரம் நெருங்க நெருங்கச் சைக்கிளை மெதுவாக மிதித்தான். லென்ஸைத் துடைத்தாளோ இல்லையோ? போனைப் படுக்கவைத்துப் பிடித்திருப்பாளா? திரும்பாதே, திரும்பாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு வந்தவன் அவள் பக்கம் திரும்பிவிட்டான்.

"இத்தன பேரு போனாங்க, ஒருத்தர்தான் பேயப் பாத்த மாதிரி திரும்பிப் பாத்தாரு," என்றாள் வேணி.

அவன் திரும்பியது இருபத்திரண்டாம் நொடி. அங்கே வெட்டினால் முப்பது தேறாது. வேறு வழியில்லாமல் அப்படியே கொண்டுபோனான்.

வகுப்பு எடுக்கும் ரஞ்சனி மேடம் தொடக்கத்திலேயே கேட்டார்: "அந்த உப்பளப் படம்தானே?"

ஜெயக்குமார் தலையாட்டினான். காப்பி என்று சொல்லித் தள்ளிவிடுவார். இன்னும் அந்த முகம் வேறு வரவேண்டும். வந்தது. வகுப்பே சிரித்தது. ரஞ்சனி மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"நான்தாங்க மேடம்."

"எதப் பாக்கறீங்க?"

"போன் ஆடுதான்னு."

மறுபடி சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் படத்துல வர்ற ஒருத்தர் முகமும் எனக்கு ஞாபகமில்ல. இந்த ஆளு மட்டும் எங்க போறாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த கட்டத்துக்கு வாங்க. எடுத்தது யாரு?"

"வீட்டுல... வேணி."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. கை ஆடவே இல்ல."

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. நோட்டைப் பிரித்து எழுதினான்: வெயில், பின்னாலிருந்து. நீளம், முப்பது நொடி. எடுத்தது, வேணி.

பேனா அங்கேயே நின்றது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேமராதான் கொடுப்பார்களோ என்ற பயம் அதற்குள் வந்துவிட்டது.