கிராணி எழுதிய பாட்டு

அகதா டீச்சர் வீட்டுக்குள் காலை வைத்ததும் சின்னத்தாய் சோற்றுத் தூக்கைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சோறு தீந்துபோச்சு டீச்சர், வேற ஒண்ணுமில்ல" என்றாள், யாரும் கேட்காமலேயே.

டீச்சருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. கிராணி நல்லசாமிக்குத் தோட்ட ஆபீசில் கணக்கு, கோயில் கமிட்டியில் தலைமை. போதாததற்கு இப்போது கவிஞரும் ஆகியிருந்தார். நாளைக்குப் பள்ளிக்கூடம் வந்து, தம் பாட்டுக்குப் பிள்ளைகள் எப்படிப் பொருள் சொல்கிறார்கள் என்று பார்ப்பாராம். வகுப்பில் பயப்படாமல் வாய் திறப்பவள் சின்னத்தாயின் மகள் காளியம்மா ஒருத்திதான். அவளைத் தயார்ப்படுத்தத்தான் டீச்சர் வந்திருந்தார்.

'பசித்தவர் வந்து வாசலில் நின்றால்
எக்குலம் என்று கேளாதே;
இருக்கும் சோற்றில் ஒருபிடி ஈவாய்,
இதைவிட அறமே வேறேது?'

காளியம்மா தடங்கலில்லாமல் ஒப்பித்தாள்.

"பொருள புத்தகத்துல தேடாத. ஒன் வீட்டுல தேடு. கண்ணால பாத்தத சொல்லு" என்றார் டீச்சர். எல்லாப் பாட்டுக்கும் அவர் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சின்னத்தாய்க்கு முகம் வெளிறியதை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் கிராணி எதிரில் காளியம்மா எழுந்து நின்றாள்.

"எங்க லெட்சுமி அக்கா கீழ் லயத்து செல்லன கட்டிக்கிச்சு. கமிட்டி தோட்டத்த விட்டுத் தொரத்திருச்சு. இப்ப முள்ளுவேலிக்கு அந்தப் பக்கம் குடிசையில, வாயும் வயிறுமா இருக்கு. அம்மா தன் சோத்துல ஒரு பிடி எடுத்து வேலி வழியா குடுக்கும். என்ன குலம்னு கேக்காது. அதாங்கய்யா பொருள்."

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடும் என்று, வெள்ளைக்காரச் சர்க்கார் உத்தரவில் வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போனாலும் ஜெயில். லெட்சுமியைத் துரத்திய கமிட்டியின் தலைவரோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ளங்கய்யா, தெரியாம சொல்லிட்டா" என்று, கிளம்பிய கிராணியின் பின்னாலேயே வாசல்வரை ஓடினார் டீச்சர்.

"சாதி கெட்டவளுக்குச் சோறு போட்டான்னா எவனும் கண்டுக்க மாட்டான் டீச்சர். காட்டுக்காரனுக்குப் போட்டான்னா ஜீப்பு வரும் லா" என்றார் கிராணி.

போலீஸ் ஜீப் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்த்தவர் கிராணிதான். "எம் பொண்ணுக்குங்க, முழுகாம இருக்காங்க" என்று சின்னத்தாய் தரையில் விழுந்து அழுதாள். காட்டுக்காரர்களுக்குக் கொடுத்ததாக ஒப்புக்கொள்கிறாள் என்று கிராணி இங்கிலீஷில் சொன்னார்.

"நோ சார், டாட்டர்! டாட்டர்!" என்று கத்தினார் டீச்சர். அதிகாரி திரும்பியும் பார்க்கவில்லை. சின்னத்தாயை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அவளோடு ஒன்றாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் லயத்து வீட்டுக் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். சில நாளில் வேலிக்கு அந்தப் பக்கத்துக் குடிசையும் காலியாகிவிட்டது.

காளியம்மாவை டீச்சர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார்.

"நான் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?"

"இல்லடி. சரியாத்தான் சொன்ன."

"அப்ப அம்மாவ ஏன் புடிச்சாங்க?"



பொங்கல் விழாவுக்கு முன்னால் கிராணியே ஆளனுப்பிக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளயே மேடையில சொல்லட்டும். வாசல்னா கோயில் வாசல், பசித்தவர்னா அன்னதானத்துக்கு வர்ற பக்தருங்க. இப்படிச் சொல்லிக் குடுங்க. ஒழுங்கா சொன்னா, அவ அம்மாவ விடச் சொல்லி தொரைகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்குறேன்."

டீச்சர் மனம் கூசிக் கூசிச் சொல்லிக்கொடுத்தார். தாய் வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. காளியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பொங்கலன்று தோட்டமே மேடைக்கு முன்னால் கூடியிருந்தது. துரைக்குப் பக்கத்தில், மாலையும் கழுத்துமாகக் கிராணி. காளியம்மா ஒரு சொல் பிசகாமல் பாட்டை ஒப்பித்தாள்.

"பொருள் சொல்லும்மா" என்றார் கிராணி.

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"இதுக்குப் பொருள் ஒண்ணும் கெடயாதுங்கய்யா. சும்மா எழுதுனது" என்றாள் காளியம்மா.