கிளீன் வேறே, டைடி வேறே

சின்னவளுக்கு வயது நாற்பத்தைந்து. மூன்று மருமகள்களில் கடைசியாக வந்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த பிறகும் விட்டுப் போகவில்லை. கணவனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, அவன் வண்டி ஓட்டுவதை விட்டதிலிருந்து, வீட்டில் அடுப்பெரிய வேண்டுமானால் அவள் வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் கிடைத்தது, பல்செட் செய்யும் பட்டறையில் துப்புரவு வேலை. ஒரு வாரம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பட்டறை என்றால் ஒரு நீள அறை, அதில் ஒரு நீள மேஜை, மேஜை நிறையப் பற்கள். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். பட்டறைக்காரரான மாஸ்டர் அதில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, அந்த ஆளின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும், இருக்கிற பல்லும் விழுந்த பல்லுமாக அப்படியே வார்த்து எடுப்பார். அதை வைத்துத்தான் பல்செட் கட்டுவது. முதல் நாள் சின்னவள் மேஜைப் பக்கம் திரும்பாமலே கூட்டினாள். யார் யாரோ முகமில்லாமல் இளிப்பதுபோல் இருந்தது. மறுநாள் பழகிவிட்டது.

மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். போனும் கணக்கு வழக்கும் அவர் மனைவி பொறுப்பு. அவரைச் சின்னவள் மேடம் என்பாள். "தினம் கிளீன் பண்ணிடுங்க. மாவுத்தூசி நெஞ்சுல போய் உக்காந்துக்கும்" என்று மேடம் முதல் நாள் சொன்னதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே உத்தரவு.

சொன்ன ஒரு வாரத்தின் கடைசி நாள் காலை. மாஸ்டரும் மேடமும் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கூட்டித் துடைத்து முடித்துவிட்டு மேஜையைப் பார்த்தாள். சந்தைக்கடை மாதிரி கிடந்தது. ஒரு ஜோடித் தாடை இங்கே, ஒரு ஜோடி அங்கே. சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டுக் கிளம்பினால் நம்மை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற தப்பெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு ஜோடியையும் சுற்றியிருந்த இற்றுப்போன ரப்பர் பேண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மேல்தாடைகளை மேல் தட்டில் அடுக்கினாள். கீழ்த்தாடைகளைக் கீழ்த் தட்டில். பெரிசு, நடுத்தரம், சிறிசு. இடுப்பில் கை வைத்துத் தள்ளி நின்று பார்த்தபோது, தன் கண்ணே பட்டுவிடுமோ என்றிருந்தது.

மாஸ்டர் இறங்கி வந்தார். பார்த்தார். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரப்பரெல்லாம் எங்கம்மா?"

"பழசா இருந்துச்சு சார். தூக்கிப் போட்டுட்டேன்."

நோயாளியின் நம்பரை மேல்தாடையின் அடியில் மட்டும்தான் எழுதுவது அவர் வழக்கம். கீழ்த்தாடை எங்கே ஓடிவிடப் போகிறது, கூடத்தானே கட்டியிருக்கிறது என்ற தைரியம். இப்போது எது யாருடைய கீழ்த்தாடை என்பது கடவுளுக்கே வெளிச்சம். மதியம் டாக்டர்களின் வண்டி வேறு வந்து நிற்கும்.

சத்தம் இல்லாததே சந்தேகமாகி மேடமும் இறங்கி வந்தார். "ஐயையோ, கிளீன் பண்ணத்தானே சொன்னேன்! டைடி பண்ணச் சொன்னேனா?"

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்களா மேடம்?"

அவள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. வீடு வாசல், சட்டி பானை, துணிமணி என்று எதையும் ஜோடி சேர்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். டிவி விளம்பரத்தில் இந்த இரண்டு வார்த்தைகளும் கைகோத்துக்கொண்டே வந்ததில், இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்திருந்தாள்.

மாஸ்டர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "கிளீன்னா அழுக்கை எடுக்கறதும்மா. அழுக்கு யாருக்கும் வேண்டாம், எடுத்துடலாம். டைடின்னா சாமானை அது அது இடத்துல வைக்கிறது. எது எந்த இடம்னு வச்சவனுக்குத்தானே தெரியும்? ஜன்னல் பக்கம் கிடந்தா இன்னைக்குப் போகணும். சுவர்ப் பக்கம்னா மாவு இன்னும் காயலை. உங்க கண்ணுக்கு இது அலங்கோலம். ஆனா கிளீனான அலங்கோலம்."

வேலை போயிற்று என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் கணவனிடம் என்ன சொல்வது? "தப்புதான் சார். எப்படிச் சேர்க்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. சரி பண்ணிக் குடுத்துட்டே போயிடறேன்" என்றாள்.

மூவரும் உட்கார்ந்தார்கள். ஒரு மேல்தாடையை எடுத்துக் கீழ்த்தாடைகளின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். சொந்த ஜோடி கிடைத்தால் டக்கென்று கவ்விக்கொள்ளும். இல்லையென்றால் ஆடும். சின்னவள் சரியென்று நீட்டிய முதல் ஜோடியைப் பார்த்து மேடம் சிரித்துவிட்டார். "இது மாமியாரும் மருமகளும் மாதிரில்ல இருக்கு, ஒட்டவே மாட்டேங்குது!"

பாதி முடிந்தபோது மேடம் கணவர் பக்கம் திரும்பினார். "கல்யாணமான புதுசுல நானும் இந்த மேஜையை இப்படித்தான் அடுக்கி வச்சேன். என்னைப் பொட்டி கட்டி அனுப்பிட்டீங்களா என்ன?"

"அனுப்பினா நீ போயிருப்பியா?" என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.

வண்டி வந்து ஹாரன் அடித்தபோது கடைசி ஜோடி கவ்விக்கொண்டது. மேடம் நோட்டில் நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுக்க, போகவேண்டியவை போயின. சின்னவள் பையை எடுத்துக்கொண்டு வாசலருகே தயங்கி நின்றாள். "இந்த ஒரு வாரத்துக்கும் ரொம்ப நன்றிங்க. கோவப்படாம சொல்லிக் குடுத்தீங்க, அதுக்கும்."

மாஸ்டர் ஒரு தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாவுப்பல் இருக்கே, லேசாத் தட்டினாலே முனை பேந்துடும். நானே வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு உடைப்பேன். நீங்க அத்தனையையும் எடுத்து அடுக்கியிருக்கீங்க. ஒரு பல்லுகூட ஒடியலை" என்றார். "கிளீன் எது, டைடி எதுன்னு ஒரு நாள்ல சொல்லிக் குடுத்துடலாம். இந்தக் கைப்பதத்தை நான் யாருக்குச் சொல்லிக் குடுக்கிறது? நாளைக்கு வாங்கம்மா."

சின்னவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.